பைத்தானில் பிழை கண்டால் என்ன செய்வது?

பைத்தான் நிரல்மொழியில் கண்ட கோளாறுகளைப் பற்றியும், அவற்றை எப்படித் தெரிவிப்பது, எப்படித் திருத்துவது என்பது பற்றியும் வந்த கடிதங்கள் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். பைத்தானை உதாரணமாக வைத்துச் சொல்பவற்றில் பெரும்பகுதி மற்றத் திறந்த மூல மொழிகளுக்கும் பொருந்தும்.

கேள்வி: எண்களை முழுமையாக்கும் பைத்தானின் 'ரவுண்ட்' செயற்கூறிடம் 2.5 என்ற எண்ணைக் கொடுத்தால் 2 என்று விடை வருகிறது, 3.5-ஐக் கொடுத்தால் 4 வருகிறது. பள்ளிக் கணக்குப்படி முதல் விடை 3 அல்லவா? இதைப் பிழையென்று பதிவு செய்யலாமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: பதிவு செய்ய வேண்டாம். இது தெரிந்தே எடுக்கப்பட்ட முடிவு. சரிபாதியில் நிற்கும் எண்களை எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்கினால், ஆயிரக்கணக்கான தொகைகளைக் கூட்டும்போது மொத்தம் உண்மையைவிடச் சிறிது உயர்ந்துகொண்டே போகும். அதைத் தவிர்க்கத்தான் அப்படிப்பட்ட எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுசெல்கிறார்கள். கணினியில் தசம எண்களைச் சேமிக்கும் மிதவைப் புள்ளி முறைக்கான ஐ.ஈ.ஈ.ஈ. 754 தரத்திலும் இதுவே இயல்பான முறை. பைத்தான் 2 வரிசையில் நீங்கள் எதிர்பார்த்த 3 தான் வந்துகொண்டிருந்தது. 2008 டிசம்பரில் வெளியான 3.0 பதிப்பில் மாற்றினார்கள், ஆவணத்திலும் எழுதிவைத்தார்கள். 2.675-ஐ இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கினால் 2.68-க்குப் பதில் 2.67 வருவதற்கு மட்டும் காரணம் வேறு: அந்த எண்ணை இரும வடிவில் அப்படியே சேமிக்க இயலாததால், கணினியில் இருப்பது அதைவிட மிக மிகச் சிறிதளவு குறைந்த இன்னோர் எண்.

உங்கள் கேள்விக்குள் இருக்கும் பெரிய கேள்வி, ஒன்று பிழையா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்வது என்பது. நமது எதிர்பார்ப்பை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஆவணத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஆவணம் ஒன்று சொல்லி மொழி வேறொன்று செய்தால் அங்கே பிழை இருக்கிறது. அது நிரலிலும் இருக்கலாம், ஆவணத்திலும் இருக்கலாம், இரண்டையுமே தெரிவிக்கலாம். ஆவணம் சொன்னதையே மொழி செய்து, அது நமக்குப் பிடிக்காமல் போனால், நாம் கேட்பது பிழைத்திருத்தம் ஆகாது, புதிய வசதி ஆகிவிடும். அதற்கான வழியும் விவாதமும் வேறு. ஆவணத்தைப் பார்த்த பிறகு, அண்மைப் பதிப்பில் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். ஏற்கெனவே பதிவானவற்றையும் தேடுங்கள். முடித்து மூடப்பட்டவற்றையும் சேர்த்துத் தேடுவது முக்கியம், ஏனெனில் "இது பிழையல்ல" என்ற விளக்கங்கள் அங்கேதான் கிடக்கின்றன.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் நிரல் ஒன்று பைத்தானைப் புதிய பதிப்புக்கு மாற்றியதும் தவறான விடை தரத் தொடங்கியது. முழு நிரலையும் இணைத்துப் பிழையறிக்கை கொடுத்தேன். 'சிறிய உதாரணம் தாருங்கள்' என்று கேட்டார்கள். நான் தராததால் சில வாரங்களில் மூடிவிட்டார்கள். என் சிக்கல் உண்மையானது. இது நியாயமா?
– மென்பொருள் பணியாளர், சென்னை

பதில்: உங்கள் சிக்கல் உண்மையானது என்பதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால், அறிக்கையைப் பெறுபவர் அதை என்ன செய்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். பைத்தானின் பிழைப்பதிவுகள் 2022 ஏப்ரலிலிருந்து, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருக்கின்றன. திறந்த நிலையில் ஆயிரக்கணக்கானவை காத்திருக்கின்றன. அவற்றைத் தரம் பிரிக்கும் தன்னார்வலர் ஒருவர் மாலையில் ஒரு மணிநேரம் ஒதுக்கி உங்கள் அறிக்கையைத் திறக்கிறார். அவர் முதலில் செய்வது, நீங்கள் கொடுத்ததை நகலெடுத்துத் தம் கணினியில், நேற்றுவரை சேர்ந்த மாற்றங்களுடன் கட்டமைத்த பைத்தானில் இயக்கிப் பார்ப்பது. பத்து வரி நிரல் என்றால் அரை நிமிடத்தில் பிழையைத் தம் கண்ணால் கண்டுவிடுவார். உங்கள் நிறுவனத்தின் தரவுத்தளத்தையும் நான்கைந்து வெளித்தொகுப்புகளையும் நம்பியிருக்கும் நிரல் என்றால், அவரால் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது.

எனவே நிரலைச் சுருக்குங்கள். பாதியை நீக்கிவிட்டு இயக்குங்கள். பிழை இருந்தால் எஞ்சியதில் பாதியை நீக்குங்கள். மறைந்துவிட்டால் நீக்கியதைத் திரும்பச் சேர்த்து மறுபாதியை நீக்குங்கள். கோப்பிலிருந்து படிக்கும் தரவை நிரலுக்குள்ளேயே இரண்டு மூன்று வரிகளில் எழுதிவிடுங்கள். வெளித்தொகுப்புகளை ஒவ்வொன்றாக விலக்குங்கள். எண் கணக்கீடுகளுக்கான நம்பை போன்ற ஒன்றை விலக்கியவுடன் பிழை மறைந்தால், உங்கள் அறிக்கை போய்ச் சேர வேண்டிய இடம் அந்தத் தொகுப்பை எழுதுவோர்தாம், பைத்தான் அல்ல. இந்த வேலை சலிப்பூட்டும், சில சமயம் ஒரு முழு நாளைத் தின்றுவிடும். ஆனால் செய்து முடித்தவர்களில் பலர் கடைசியில் தம் நிரலிலேயே தவறு இருப்பதைக் காண்கிறார்கள். அப்படி இல்லாதபோது, கையில் எஞ்சும் பத்து வரிகள் பிழை எந்த மூலையில் இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தப் பத்து வரிகளோடு, பைத்தானின் துல்லியமான பதிப்பு, இயங்குதளம், நீங்கள் எதிர்பார்த்தது, உண்மையில் நடந்தது ஆகியவற்றை எழுதுங்கள். பிழைச்செய்தியை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எழுத்துகளாகவே ஒட்டுங்கள். திரையைப் படம் பிடித்துப் போட்டால் யாராலும் அதைத் தேடவோ நகலெடுக்கவோ இயலாது. செய்தி எதுவும் இல்லாமல் பைத்தானே நின்றுபோகிறதென்றால், 'ஃபால்ட்ஹேண்ட்லர்' என்ற வசதியை இயக்கி ஓட்டினால் எந்த வரியில் நின்றது என்பது தெரியவரும், அது 3.3 பதிப்பிலிருந்து மொழியோடே வருகிறது.

பழைய பதிப்பில் சரியாக இருந்தது, புதியதில் கெட்டுவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் சிறிய உதாரணத்தின் மதிப்பு இன்னும் கூடுகிறது. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் 'பைசெக்ட்' என்றொரு கட்டளை உண்டு. நல்ல பதிப்பையும் கெட்ட பதிப்பையும் சொல்லிவிட்டால், இடைப்பட்ட மாற்றங்களின் நடுப்புள்ளிக்குச் சென்று சோதிக்கச் சொல்லும், பிறகு மீதியின் நடுப்புள்ளிக்கு. இடையில் நாலாயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பன்னிரண்டு சோதனைகளில் குற்றவாளி மாற்றம் அகப்பட்டுவிடும். "இந்த மாற்றத்திலிருந்துதான் கெட்டது" என்று ஒரு வரி சேர்த்த அறிக்கைக்குப் பதில் வேகமாக வரும், ஏனெனில் அந்த மாற்றத்தை எழுதியவரையே நேரடியாக அழைத்துவிடலாம். மூடப்பட்ட பதிவு புதைக்கப்பட்ட பதிவு அல்ல. சுருக்கிய உதாரணத்தைச் சேர்த்து மீண்டும் திறக்கும்படி கேளுங்கள், திறப்பார்கள்.

கேள்வி: தமிழ்ச் சொற்களை எண்ணுவதற்காக, உரையில் வடிவங்களைத் தேடும் பைத்தானின் 'ரீ' தொகுப்பைப் பயன்படுத்தினேன். சொல்லெழுத்துகளைக் குறிக்கும், பின்சாய்கோட்டுடன் கூடிய 'டபிள்யூ' குறியீட்டைக் கொடுத்தால், 'கோயில்' என்ற ஒரே சொல் க, ய, ல என மூன்று துண்டுகளாகிறது. இதுவாவது பிழைதானே? நான் தெரிவிக்கலாமா?
– ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: என் கருத்தில் இது பிழைதான், அதுவும் நம்மை நேராகப் பாதிக்கும் பிழை. ஆனால் புதிதாகத் தெரிவிக்க வேண்டியதில்லை. 2007-ஆம் ஆண்டிலேயே, தேவநாகரி உரையில் சொற்கள் துண்டுதுண்டாக வெட்டுப்படுகின்றன என்று ஒருவர் பதிவு செய்துவிட்டார். 2011-இல் மற்றொருவர், உலக மொழிகளின் எழுத்துகளுக்கான யூனிகோடு தரத்தை மேற்கோள் காட்டி இன்னும் விரிவாகப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகளைப் படித்துப் பார்த்தால், எளிதாகத் தோன்றும் ஒரு பிழை ஏன் எளிதில் தீராது என்பது புரியும்.

யூனிகோடு ஒவ்வொரு வரிவடிவத்துக்கும் ஒரு வகையை ஒதுக்கியிருக்கிறது. 'க', 'ய', 'ல' ஆகியவை எழுத்து என்ற வகையில் வருகின்றன. ஓகாரக் குறி, இகரக் கொக்கி, புள்ளி ஆகியவை எழுத்தோடு சேரும் 'குறி' என்ற வகையில் வருகின்றன. 'ரீ' தொகுப்போ, எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே சொல்லின் பகுதியாக ஏற்கிறது. எனவே ஒவ்வொரு குறி வரும்போதும் சொல் அறுந்துவிடுகிறது: 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என இரண்டாகிறது, 'மரம்' புள்ளியை இழந்து 'மரம' ஆகிறது, குறியே இல்லாத 'பல' மட்டும் தப்பிக்கிறது. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதுபவர் இதை வாழ்நாள் முழுவதும் பார்க்காமலேயே இருந்துவிடலாம். தமிழ், இந்தி, வங்காளம் எழுதும் எவரும் முதல் நாளிலேயே பார்த்துவிடுவார். 'ரீ' போன்றவற்றில் எழுதும் தேடல் வடிவங்களுக்கான யூனிகோடு பரிந்துரை, குறிகளையும் சொல்லெழுத்தாக ஏற்கும்படியே கூறுகிறது. பைத்தான் மொழியின் இன்னொரு பகுதி அந்தத் தெளிவோடு இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது: 3.0 பதிப்பிலிருந்து மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், 'தமிழ்' என்ற பெயரைப் புள்ளியோடும் கொக்கியோடும் மொழி முழுமையாக ஏற்றுக்கொள்கிறது. பெயராக ஏற்கும் ஒன்றைச் சொல்லாக ஏற்க மறுப்பது முரண்.

பிறகு ஏன் திருத்தவில்லை? முதல் பதிலில் சொன்ன அளவுகோல் இங்கே நமக்கு எதிராக நிற்கிறது. அந்தக் குறியீடு எதை ஏற்கும் என்பதை ஆவணம் சொல்லியே இருக்கிறது, மொழியும் அதன்படியே நடக்கிறது. பயனர் பெயரில் என்னென்ன எழுத்துகள் வரலாம் என்று சரிபார்ப்பதற்கு எத்தனையோ தளங்கள் இதே குறியீட்டைப் பயன்படுத்துகின்றன. ஒரு காலையில் அதன் பொருள் விரிந்துவிட்டால், நேற்றுவரை மறுத்த பெயர்களை அவை ஏற்கத் தொடங்கும். சொல்லின் எல்லையைக் குறிக்கும் குறியீடும் இதையே நம்பியிருப்பதால் அதன் நடத்தையும் மாறும். இந்தத் தயக்கம் நேர்மையானது என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் தயக்கமே நிரந்தர விடையாகிவிடக் கூடாது. முதலில் விரும்புவோர் மட்டும் இயக்கிக்கொள்ளும் ஒரு தேர்வாகத் தந்து, எச்சரிக்கையோடு சில பதிப்புகள் கடந்தபின் அதையே இயல்பாக்கும் வழி பைத்தானுக்குப் புதியதல்ல.

உங்கள் வேலை இன்றே நடக்க வேண்டுமென்றால் 'ரீஜெக்ஸ்' என்ற வெளித்தொகுப்பைப் பயன்படுத்துங்கள். 'ரீ' தொகுப்பின் அதே கட்டளைகளை ஏற்கும், தமிழ்ச் சொற்களை அறுக்காது. அதுவும் வேண்டாமென்றால், யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய பகுதி முழுவதையும் சதுர அடைப்புக்குள் வீச்சாகக் கொடுத்துவிடலாம். தமிழ் எண்களும் நாள், மாதம் போன்றவற்றின் குறியீடுகளும் அந்த வீச்சில் சேர்ந்து வரும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

பழைய பதிவில் "எனக்கும் இதே சிக்கல்" என்று ஒரு வரி சேர்ப்பதால் பயனில்லை. எந்தச் சொல் எப்படி அறுகிறது, எப்படி வந்திருக்க வேண்டும் என்று தமிழ், கிரந்த எழுத்து கலந்த சொற்கள், எண் கலந்த சொற்கள் ஆகியவற்றைக் கொண்ட ஒரு சிறிய சோதனைத் தொகுப்பை எழுதிச் சேருங்கள். இந்தப் பிழையை என்றாவது திருத்த முனைபவர் தமிழ் அறியாதவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவர் செய்தது சரியா என்று சரிபார்க்க அவருக்கு வேறு வழியே இல்லை.

கேள்வி: பைத்தானோடே வரும் தரநிலைத் தொகுப்பில் ஒரு பிழையையும், அதைத் தீர்க்கும் ஒரு வரித் திருத்தத்தையும் கண்டுபிடித்துவிட்டேன். அந்த வரியை அனுப்பினால் போதாதா? இத்தனை படிகள் எதற்கு?
– பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: ஒரு வரியோடு ஒரு சோதனையையும் அனுப்ப வேண்டும். உங்கள் திருத்தம் இல்லாதபோது தோற்று, திருத்தம் சேர்ந்ததும் தேறும் சோதனை அது. நாளை வேறொருவர் அதே கோப்பைச் சீர்செய்யும்போது உங்கள் வரி காரணம் புரியாத வரியாகத் தோன்றி நீக்கப்படலாம்; சோதனை இருந்தால் நீக்கிய உடனேயே எச்சரிக்கும். இதைத் தவிர, பங்களிப்பு ஒப்பந்தத்தில் ஒருமுறை கையெழுத்திட வேண்டும்; மாற்றத்தைப் பயனருக்குச் சொல்லும் ஒன்றிரண்டு வரிச் செய்திக்குறிப்பு எழுத வேண்டும். மாற்றங்களை ஏற்கும் உரிமை பெற்ற மைய உறுப்பினர் ஒருவர் படித்து ஏற்றபின் திருத்தம் முதலில், அடுத்த பதிப்பு உருவாகும் வளர்நிலைக் கிளையில் சேரும். பிறகு 'மிஸ் இஸ்லிங்டன்' என்று பெயரிட்ட தானியங்கி அதைப் பராமரிப்பில் உள்ள பழைய பதிப்புகளுக்கு எடுத்துச்செல்லும். 3.13 முதல் ஒவ்வொரு பதிப்புக்கும் இரண்டு ஆண்டுகள் வழக்கமான திருத்தங்கள் கிடைக்கும், அதன்பின் ஐந்தாம் ஆண்டு முடியும்வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்.

படிகளைவிட முக்கியமானது, உங்கள் ஒரு வரி பிழையின் காரணத்தைத் தொடுகிறதா, அடையாளத்தை மட்டும் மறைக்கிறதா என்பது. இதற்கு டிம்சார்ட் கதையைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. பைத்தானுக்காக டிம் பீட்டர்ஸ் 2002-இல் எழுதிய வரிசையாக்க முறை அது. பிறகு ஜாவா நிரல்மொழியும் ஆண்ட்ராய்டு இயங்குதளமும் அதை எடுத்துக்கொண்டன. 2015 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர், ஜாவாவின் வடிவம் சரியானது என்று 'கீ' என்ற கருவியால் கணித முறைப்படி நிறுவ முயன்றார்கள். நிறுவ முடியவில்லை, காரணம், அதில் உண்மையாகவே ஒரு பிழை இருந்தது. வரிசைப்பட்ட துண்டுகளின் நீளங்களை ஓர் அடுக்கில் வைத்து இணைத்துக்கொண்டே போகும்போது, அந்த நீளங்களுக்கிடையே எப்போதும் ஒரு குறிப்பிட்ட உறவு இருக்கும் என்று நிரல் நம்பியது. ஆனால் அடுக்கின் மேல்பகுதியை மட்டுமே சரிபார்த்ததால், அடியில் அந்த உறவு குலைவது தெரியாமல் போனது. ஜாவாவில் ஏறத்தாழ 6.7 கோடி உறுப்புகள் கொண்ட, அதற்கெனவே அமைத்த ஒரு பட்டியலைக் கொடுத்து நிரலை வீழ்த்திக் காட்டினார்கள். பைத்தானில் அடுக்குக்கு அதிக இடம் ஒதுக்கியிருந்ததால், வீழ்த்துவதற்கு 2-இன் 49-ஆம் படி அளவுக்கு உறுப்புகள் வேண்டும். நடைமுறையில் யாருக்கும் நேராது.

யாருக்கும் நேராத பிழையையும் பைத்தான் குழுவினர் உடனடியாகத் திருத்தினார்கள், அதுவும் சரிபார்ப்பை ஒரு படி ஆழமாக்கி, காரணத்தையே நீக்கினார்கள். ஜாவாவில் அடுக்கின் அளவை மட்டும் கூட்டினார்கள். 2018-இல் வேறோர் ஆய்வுக் குழு, கூட்டிய அந்த அளவும் போதாது என்று காட்டியது. உங்கள் திருத்தத்தை அனுப்புமுன் இதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்: ஒரு 'இஃப்' கட்டளையைச் சேர்த்து அந்த ஓர் உள்ளீட்டை மட்டும் விலக்கியிருக்கிறீர்களா, அல்லது அந்த உள்ளீடு ஏன் அங்கே வந்தது என்று கண்டிருக்கிறீர்களா? படிப்பவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: நான் கண்ட பிழையைப் பயன்படுத்தி ஒருவர் கணினியில் தீங்கு செய்ய முடியும் என்று தோன்றுகிறது. இதையும் பொதுவில்தான் பதிவு செய்ய வேண்டுமா?
– பாதுகாப்புத் துறை மாணவர், சேலம்

பதில்: கூடாது. பைத்தானின் பாதுகாப்புக் குழுவுக்கென்று தனி மின்னஞ்சல் வழி இருக்கிறது. ஆவணத்தில் உள்ள அந்த முகவரிக்கு மட்டும் எழுதுங்கள், திருத்தம் வெளியாகும்வரை வேறு எங்கும் பேசாதீர்கள்.

அந்தக் குழுவின் வேலை எவ்வளவு கடினமானது என்பதற்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன். 'டார்ஃபைல்' தொகுப்பு, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய டார் கோப்புக்கட்டுகளைப் பிரிக்கும்போது, உள்ளே இருக்கும் கோப்புப் பெயரில் மேல்கோப்புறைக்குப் போகும் குறி இருந்தால், வேறிடத்தில் உள்ள கோப்புகளின் மேலேயே எழுதிவிடும். 2007-இல் இது தெரிவிக்கப்பட்டது. தொகுப்பு தன் தரப்படியே நடக்கிறது என்று முடிவு செய்து ஆவணத்தில் எச்சரிக்கை மட்டும் சேர்த்தார்கள். எச்சரிக்கையைப் பலர் படிக்கவில்லை. 2022-இல் ஆய்வாளர்கள் அதே ஓட்டையை எண்ணற்ற திட்டங்களில் கண்டார்கள். 2023-இல் 3.12 பதிப்பில் வடிகட்டும் வசதி வந்தது. 2025-இல் வந்த 3.14-இல்தான் பாதுகாப்பான வழி தானாகவே இயங்கும்படி ஆனது. பதினெட்டு ஆண்டுகள் என்பது நீண்ட காலம், அந்த முதல் முடிவு தவறானது என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது நேர்மாறானது. மிக நீண்ட எண்வரிசையை முழு எண்ணாக மாற்றும் வேலை, இலக்கங்கள் கூடக்கூட அளவுக்கு மீறி நேரம் எடுக்கும். அதைக் கொண்டு ஒரு சேவையகத்தைத் திணறடிக்கலாம். 2022 செப்டம்பரில், பராமரிப்பில் இருந்த பதிப்புகள் அனைத்திலும் ஒரே சமயத்தில் 4300 இலக்கங்கள் என்ற வரம்பைக் கொண்டுவந்தார்கள். பேரெண்களை வைத்து ஆராயும் கணிதப் பயனர்களின் நிரல்கள் திடீரென நின்றுபோயின. வரம்பை மாற்றும் வசதி இருந்தும், முன்கூட்டிப் பேசாமல் செய்ததற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. மறைவாகத் திருத்த வேண்டியிருந்ததால்தான் முன்கூட்டிப் பேச இயலவில்லை.

கேள்வி: சோதனையோடு திருத்தம் அனுப்பி மூன்று மாதங்களாகிவிட்டன. ஒரு பதிலும் இல்லை. கைவிட்டுவிடலாமா?
– நிரலர், பெங்களூரு

பதில்: கைவிட வேண்டாம். அந்தக் கோப்புக்குப் பொறுப்பானவர் யார் என்று பங்களிப்பாளர் வழிகாட்டியில் பார்த்து, ஒரே ஒருமுறை பணிவாக நினைவூட்டுங்கள். முழுநேரமாக இந்த வேலைக்கென்று பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை ஒருவரை முதன்முதலில் அமர்த்தியதே 2021-இல்தான். இன்றும் பெரும்பாலான திருத்தங்களைப் படிப்பவர்கள் தம் சொந்த நேரத்தில் படிக்கிறார்கள். காத்திருக்கும் வேளையில் பிறர் பதிவுகளை எடுத்து உங்கள் கணினியில் இயக்கி, பிழை வருகிறதா இல்லையா என்று பதிப்பு எண்ணோடு எழுதுங்கள். இதைத் தொடர்ந்து கவனமாகச் செய்பவர்களைப் பதிவுகளைத் தரம் பிரிக்கும் குழுவில் சேர்த்துக்கொள்கிறார்கள். அதற்கு மைய உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. ஆவணத்தில் உள்ள சிறு பிழைகளைத் திருத்தி அனுப்பினால் பெரும்பாலும் விரைவில் ஏற்கப்படும்; உங்கள் பெயரும் கவனமும் அங்கே அறிமுகமாவதற்கு அது எளிய வழி.